சந்தனம் பட்ட ஆன்டெனா

1

எங்கள் தேயிலை மலை ஊரான ஹாலிஎலையில் மழை விட்டபாடில்லை என்று சந்திரன் சொன்ன அன்றுதான் நாங்கள் இங்கே ஆயுத பூஜை வைத்தோம். இங்கே என்றால் இத்தாலியின் வடக்கே, கல் அறுக்கும் மலைகளுக்குக் கீழே உள்ள ஒரு சிறிய ஊர். வீடு இரண்டாம் மாடியில். சாமி படம் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மேலே உள்ள தட்டில் இருக்கிறது. வேறு இடமில்லை. இயந்திரம் சுற்றும்போது முருகனும் சேர்ந்து ஆடுவார்.

சந்திரன் என்னோடு தோட்டத்துப் பாடசாலையில் படித்தவன். பிறகு ஹாலிஎலை ரேடியோ கடையில் இரண்டு பேரும் ஒன்றாக வேலை பார்த்தோம். லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்கள் வரைக்கும் போய், லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளின் கூரைகளில் ஏறி டிவி ஆன்டெனா கட்டுவதுதான் வேலை. அவன் அதே ஊரில் இன்று கைத்தொலைபேசி கடை வைத்திருக்கிறான். நான் ஆன்டெனாவை விடவில்லை. அதுதான் அவனுக்கு வேடிக்கை.

"மச்சான், கடல் கடந்து போயும் நீ இன்னும் ஆன்டெனா தானா? கூரை ஏறுறியா?"

"கூரை எல்லாம் இல்லடா. மேசையில உக்காந்துதான்."

"உக்காந்து பாக்குற வேலைன்னா ஏன்டா இன்னும் குச்சி மாதிரி இருக்க?"

நான் செய்யும் ஆன்டெனா ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினேன். அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்திருந்தேன். சந்திரன் கேட்டான்: "இதுல எத்தன சேனல் வரும்?"

"ஒண்ணும் வராது."

"அப்ப என்னத்துக்குடா?"

அதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். போன வருடத்து ஆயுத பூஜையையும் சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும்.

2

பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு ஒருமுறை உட்கார்ந்தேன். கணக்கு கைவிட்டது. அப்பா தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். என் பெயரையும் தோட்ட வேலைக்குப் பதிந்துவிடலாம் என்று பார்த்தார். எனக்கு ஓரிடத்தில் நிற்கவே பிடிக்காது. ரேடியோ கடைக்கு ஓடிவிட்டேன். வீட்டுக்கு வீடு டிஷ் என்ற வட்டத் தட்டு வந்ததும் கம்பி ஆன்டெனாவுக்கு ஆள் இல்லாமல் போனது. கொழும்பில் தொலைபேசி திருத்தினேன். டோஹாவில் இரும்புப் பெட்டி அறையில் எட்டுப் பேரோடு படுத்தேன். வெயில் காலத்தில் சுவர் சுடும், வாசல் பக்கம் படுப்பதற்குச் சண்டை வரும். சைப்ரஸில் ஆரஞ்சு பறித்தேன். பிறகு இத்தாலியின் தெற்கே நாப்போலியில் உணவகச் சமையலறையில் தட்டுக் கழுவினேன். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. எந்த ஊரும் என்னைத் துரத்தவில்லை. நானேதான் கிளம்பினேன். ஒரு ஊரில் குடை கிழியும் வரை இருந்ததில்லை.

என் மனைவி லெட்சுமி அப்புத்தளைக்குக் கீழே உள்ள ஒரு தோட்டத்துப் பிள்ளை. அவளும் மகள் தர்ஷினியும் நாப்போலிக்கு வந்து சேர்ந்த பிறகும் என் கால் நிற்கவில்லை. மூன்று ஊர் மாறி இங்கே வந்தோம். ஒவ்வொரு ஊரிலும் தர்ஷினிக்குப் புதுப் பள்ளிக்கூடம். இந்த ஊருக்கு வந்த அன்று அவள் தன் சாமான்களில் பாதியைத்தான் பிரித்தாள். மீதியை ஒரு அட்டைப் பெட்டியோடு அப்படியே கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள்.

"அத ஏன் பிரிக்கல?" என்று கேட்டேன்.

எங்களோடு பெரும்பாலும் இத்தாலியத்தில்தான் பேசுவாள். அன்றைக்குத் தமிழில் சொன்னாள்: "திருப்பிக் கட்ட வேணாம்னுதான். இதுதான் கடைசி அப்பா. அடுத்த ஊருக்கு நீங்க மட்டும் போங்க."

அவளுக்கு என்னால் இன்னொரு தொல்லையும் உண்டு. நான் இத்தாலியம் கற்றது நாப்போலி சமையலறையில். வடக்கே வந்து குடியிருப்பு அனுமதி புதுப்பிக்கும் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் நின்று அதே தெற்கத்திச் சமையலறைப் பாஷையைப் பேசினால், உள்ளே இருக்கும் அம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடிவதில்லை. தர்ஷினி நாலடி தள்ளி நின்று சுவரைப் பார்ப்பாள். அங்கே என் பெயர் யோகராஜ் இல்லை, கருப்பையா. எங்கள் வழக்கப்படி அப்பா பெயர் முன்னால் இருந்ததில் குடும்பப் பெயர் எது என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். பதுளை ஸ்டேஷனைத் தாண்டி எங்கும் போகாத என் அப்பாவை இத்தாலிய அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கைரேகை வைக்கக் கூப்பிடுகிறது. நான் எழுந்து போகிறேன்.

3

நான் வேலை செய்யும் பட்டறை சில்வியாவுடையது. ஆன்டெனா வடிவமைக்கும் பொறியியலாளர், என் வயதுதான் இருக்கும். அவரையும் சேர்த்து மூன்று பேர். கணினியில் அவர் வரைவார். செப்பு ஒட்டிய பலகையில் அந்த வடிவத்தை இயந்திரத்தால் அறுத்தெடுத்து, மிளகளவு இணைப்பியைச் சாலிடர் வைத்து, அளவுக் கருவியில் மாட்டிக் கொடுப்பது நான். மற்றவர் கணக்கும் கடைத்தெரு வேலையும் பார்ப்பவர்.

போன வருடம் எங்களிடம் இருந்த பெரிய வேலை ஒரு கல் அறுக்கும் கொட்டகைக்கு. அங்கே கூரையோடு ஓடும் பாரந்தூக்கி, பாறைத் துண்டுகளைத் தொங்கவிட்டுக்கொண்டு போகும். கீழே நின்ற ஒருவரின் கால் நசுங்கியிருந்தது. ஆள் கிட்டே வந்தால் பாரந்தூக்கி தானாகவே நிற்க வேண்டும் என்று முதலாளி கேட்டார். அதற்கு ஒவ்வொருவர் தலைக்கவசத்திலும் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் தபால்தலை அளவில் ஒரு ஆன்டெனா.

சாதாரண ரேடியோ ஒரு நிலையத்தை மட்டும் பிடிக்கும். இந்தப் பெட்டி அப்படியில்லை. கண் சிமிட்டுவதைவிடப் பல மடங்கு குறுகிய துடிப்புகளை அனுப்பும். அவை போய்ச் சேர எடுக்கும் நேரத்தை வைத்து, ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று ஒரு சாண் பிசகாமல் சொல்லும். துடிப்பு எவ்வளவு குறுகியதோ அவ்வளவு அகலமாக அலைவரிசையில் பரவும். அந்த அகலம் முழுவதையும் ஆன்டெனா வாங்க வேண்டும். தகட்டைச் சிறிதாக்கினால் அடிப்பக்கத்து நீண்ட அலைகள் நழுவிவிடும். அதற்காக ஓரங்களைப் படிக்கட்டு மாதிரி வெட்டினோம், பின்பக்கத்துச் செப்பைக் குறைத்தோம். அளவும் வந்தது, அகலமும் வந்தது. அப்போதுதான் அடுத்த தலைவலி. அந்தக் கொட்டகை முழுவதும் வைஃபை. அந்த அகலத்துக்கு நடுவில் அது உரத்த குரலில் கத்திக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் கேட்கும் காதுக்கு அதுவும் கேட்குமே.

அதை மட்டும் கேட்காமல் செய்ய, செப்புத் தகட்டின் நடுவில் மேல்பக்கம் திறந்த ஒரு வளைவான வெட்டுப் போடுகிறோம். கிட்டத்தட்ட நாமம் மாதிரி. அதன் நீளத்தைச் சரியாகக் கணித்தால், வைஃபை அலை வரும்போது மின்சாரம் வெட்டின் இரு கரைகளிலும் எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று தீர்த்துவிடும். மற்ற அலைகள் பாட்டுக்குப் போகும்.

சில்வியா இதை எனக்கு விளக்கிய அன்று எங்கள் லயம் ஞாபகத்துக்கு வந்தது. வரிசையாகக் காம்பரா என்ற அறைகள், நடுச்சுவர் கூரை வரைக்கும் எட்டாது. முதல் வீட்டில் இருமினால் கடைசி வீட்டில் கேட்கும். "ராவு சின்னவனுக்கு நெஞ்சு கட்டியிருந்திச்சு போல, கற்பூரவள்ளி குடுத்தியா?" என்று காலையில் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது விசாரிப்பார்கள். ரேடியோ, பிள்ளைகள் பாடம் படிப்பது, பானை உருளுவது எல்லாம் எல்லாருக்கும் கேட்கும். ஆனால் புருஷன் பெண்சாதி சண்டை மட்டும் ஒருவருக்கும் கேட்காது. எவ்வளவு சத்தம் போட்டாலும் கேட்காது. மறுநாள் ஒரு முகத்தில்கூட அது தெரியாது. யாரும் சொல்லித் தந்ததில்லை. அப்படி இல்லாவிட்டால் லயத்தில் குடியிருக்க முடியாது, அவ்வளவுதான்.

சில்வியாவிடம் சொன்னேன். நன்றாகச் சிரித்தார். "அந்தக் காதைச் செய்ய உங்கள் ஊரில் எத்தனை பலகை வீணாக்கினார்கள்?" என்று கேட்டார். நாங்கள் அப்போது ஒரு குப்பைக்கூடை நிறைய வீணாக்கியிருந்தோம்.

4

பட்டறையில் சில்வியாவின் அறைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்பு அவர் தொலைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கல் கொட்டகைக்காரர் இதை எடுக்காவிட்டால் குளிர்காலத்துக்குப் பிறகு மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது, கடைசியாக வந்தவரைத்தான் அனுப்ப வேண்டியிருக்கும், நினைத்தாலே கஷ்டமாக இருக்கிறது என்றார். கடைசியாக வந்தவன் நான்.

எனக்கு அது கேட்கவில்லை. லயத்துக் காது. வெளியே வந்த சில்வியா காப்பி வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன்.

வேறு ஊராக இருந்தால் அன்றே மனசு கிளம்பியிருக்கும். இந்த முறை கிளம்பவில்லை, அதுதான் எனக்கே புதிது. இந்த ஊர் பிடித்திருந்தது. காலையில் மலையில் மூடுபனி இறங்குவது பிடித்திருந்தது. வேலை பிடித்திருந்தது. கட்டிலுக்குக் கீழே அந்தப் பெட்டி வேறு. ஆனால் வேலை போனால் இந்தச் சின்ன ஊரில் எனக்கு இன்னொரு வேலை இல்லை. அனுமதியும் வேலையோடு கட்டியது.

அன்று மாலை பால்கனியில் நின்று சந்திரனிடம் மட்டும் சொன்னேன்.

"இது சரிவரலன்னா திருப்பி மூட்ட கட்டணும்டா."

"ஒனக்கு அது புதுசாடா? காலுக்கு ரெக்க கட்டுனவன் தானே நீ?"

"எனக்கில்ல. புள்ளைக்கு."

அவன் பகிடியை விட்டுவிட்டு, "ம்" என்றான்.

உள்ளே லெட்சுமி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். பால்கனிக் கதவு பாதி திறந்திருந்தது. நான் உள்ளே போனதும், "தேங்கா சம்பலுக்கு உப்பு பத்துமா பாருங்க" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

5

மாதிரிப் பெட்டியை அளந்து காட்ட வேண்டிய நாள் ஆயுத பூஜைக்கு மறுநாளாக அமைந்தது. பக்கத்து நகரத்தில் ஒரு சோதனைக்கூடம். சில்வியா வேறு வேலையாக முன்பே அங்கே போய்விட்டதால் பெட்டியை நான் வீட்டுக்கு எடுத்து வந்து காலை ரயிலில் கொண்டு போவதாக ஏற்பாடு.

எங்கள் தோட்டத்துப் பெக்டரியில் ஆயுத பூஜை என்றால் கொழுந்து அரைக்கும் ரோலர், அடுப்பு, எஞ்சின் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டும் மாலையும் உண்டு. பெக்டரிப் பொறுப்பாளரான சிங்கள டீமேக்கர் ஐயாவும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்று சுண்டல் வாங்கிப் போவார். வீட்டில் அப்பாவின் கவ்வாத்துக் கத்திக்குப் பொட்டு. இங்கே என் சாலிடர் கோல், குறடு, லெட்சுமி முதியோர் இல்லத்தில் போட்டுக்கொள்ளும் வேலைச் சட்டை. தர்ஷினியிடம் மடிக்கணினியைக் கேட்டோம். குங்குமம் விசைகளுக்குள் போய்விடும் என்று தர மறுத்தாள். இத்தாலியத்தில் மறுத்தாள். சரி என்று விட்டோம். மாதிரிப் பெட்டியை நான் விளக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதுதானா அது?" என்றாள் லெட்சுமி.

"ஆமா. தொட்றாத."

"நான் எதுக்குத் தொடப் போறேன்?"

எலுமிச்சம்பழம் வாங்கக் கீழே கடைக்குப் போய் வந்தேன்.

மறுநாள் சோதனைக்கூடத்தில் அந்த அறையை முதன்முதலாகப் பார்த்தேன். சுவர், கூரை, தரை எல்லாம் நீலப் பஞ்சுக் கூம்புகள். எதிரொலியே இல்லை. பேசினால் குரல் வாய்க்கு வெளியே விழுந்து செத்துவிடும். பெட்டியை நடுவில் தாங்கியில் மாட்டிவிட்டு வெளியே வந்து திரையைப் பார்த்தோம். கல் கொட்டகை முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நல்ல உடம்பு, காதோரத்து மயிரில் வெள்ளைத் தூசு.

ஆன்டெனா வாங்க மறுக்கும் அலையைக் காட்டும் கோடு திரையில் தாழ்வாக ஓடி, வைஃபை இருக்கும் இடத்தில் மட்டும் குன்றுபோல் எழ வேண்டும். எழுந்தது. ஆனால் தள்ளி எழுந்தது. குன்று இடப்பக்கம் வழுக்கிப் போயிருந்தது. வைஃபை இருக்கும் இடத்தில் கோடு சமமாக, கதவைத் திறந்து வைத்தது போலக் கிடந்தது.

சில்வியா வடத்தை மாற்றினார். கருவியை மறுபடி சரிபார்த்தார். நான் போய் இணைப்பியைக் கழற்றி மாட்டினேன். அதே கதை. முதலாளி கைக்கட்டை மாற்றிக் கட்டினார்.

"கொண்டு வாருங்கள், திறந்து பார்ப்போம்" என்றார் சில்வியா.

மேசையில் வைத்து மூடியைத் தட்டித் திறந்தேன். பார்ப்பதற்கு முன் வாசனை வந்தது. அந்த வெள்ளைக்காரக் கூடத்தில் சந்தன வாசனை. செப்புத் தகட்டில், வளைந்த வெட்டின் நடுவில், அதன் கரைகளை மூடிக்கொண்டு, சிறுவிரல் நுனியால் வைத்த சந்தனம். அதன் மேல் குங்குமம்.

"இது என்ன?"

"சந்தனம். மேலே இருப்பது குங்குமம்."

"யார் வைத்தது?"

"என் மனைவி."

"எதற்கு?"

"இது நல்லபடியாக வேலை செய்வதற்கு."

முதலில் சிரித்தது முதலாளிதான், வயிறு குலுங்க. "என் முதல் லொறிக்கு என் அம்மா தீர்த்தம் தெளித்தாள். அந்த வாரமே அது பள்ளத்தில் இறங்கியது" என்றார்.

சில்வியா சிரிக்கவில்லை. திரையையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். துடைக்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்தி, அப்படியே இன்னொரு முறை அளந்தார். பிறகுதான் ஸ்பிரிட்டால் துடைக்கச் சொன்னார். துடைத்து மாட்டினேன். குன்று தன் இடத்துக்கு வந்து நின்றது. ஈரப்பசை உள்ள எதையாவது வெட்டின் மேல் அப்பினால் அலை அங்கே மெதுவாகிவிடுமாம். வெட்டு நீண்டுபோனது போல நடந்துகொள்ளுமாம். அதனால் தடுக்கும் இடம் நகர்ந்துவிட்டது.

எனக்கு மூச்சு வந்தது. முதலாளிக்குச் சிரிப்பு போனது.

"ஒரு பொட்டுக்கே இப்படி என்றால், என் கொட்டகையில்? அங்கே நாள் முழுக்கக் கல்லுச் சேறு தெறிக்கும்."

நான் மனசுக்குள் சாமான் கட்டத் தொடங்கினேன். முதலில் சட்டி பானை, பிறகு படங்கள்.

"தெறிக்கும்" என்றார் சில்வியா. "உள்ளேயும் போகும். இந்த மூடி போதாது. தலைக்கவசங்களில் மாட்டிய பிறகு, ஒருவர் காலுக்கு மேல் கல் தொங்கும்போதுதான் இது தெரிந்திருக்கும். இன்றைக்கே தெரிந்துவிட்டது. வசந்தம் வரைக்கும் எனக்கு நேரம் கொடுங்கள்."

முதலாளி பெட்டி மூடியை எடுத்து முகர்ந்து பார்த்தார். "நல்ல வாசனை" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வசந்தம் வரை. உங்கள் மனைவியை அடுத்த சோதனைக்கும் கூட்டி வாருங்கள். உங்கள் எல்லாரையும்விட நன்றாகச் சோதிக்கிறார்" என்றார்.

6

வீட்டுக்கு வந்ததும் லெட்சுமி கதவடியிலேயே நின்றாள். "என்னாச்சு?"

"மூடியத் தெறந்தியா?"

"தெறந்தேன். மேல வச்சா நீங்க அழிச்சிருவீங்கன்னு தெரியும்."

"அதுக்கு உள்ளுக்கா வைக்கிறது?"

"உள்ளுக்குப் பாத்தா நாமம் மாதிரி போட்டு நடுவுல ஒண்ணுமில்லாம விட்டிருந்திச்சு. அரகொறயா இருக்கேன்னு நான்தான் முழுசாக்குனேன்."

தர்ஷினி அறையிலிருந்து வெளியே வந்து, நடந்ததை முழுவதும் கேட்டாள். சுவரில் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள். "அம்மா, நீங்க ஆன்டெனாவுக்கு நாமம் போட்டீங்களா?" தமிழில்தான் கேட்டாள்.

"சிரி, சிரி. ஒன் கம்பியூட்டருக்கும் ஒரு நாளைக்குப் போடுறேன்" என்றாள் லெட்சுமி. பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, "எல்லாச் சாமானுக்கும் ஒரே மாதிரிதாங்க வச்சேன். அதுக்கு மட்டும் கொஞ்சம் கூட வச்சேன்" என்றாள்.

ஏன் கூட என்று நான் கேட்கவில்லை. பால்கனிக் கதவு அன்றைக்குப் பாதி திறந்திருந்தது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் வேலைதான். சில்வியா செப்பின் மேல் ஒரு பூச்சு வைத்து மூடி, அந்தப் பூச்சையும் கணக்கில் சேர்த்து வெட்டைக் குறுக்கினார். பக்கத்தில் இன்னொரு சின்ன வெட்டுப் போட்டார். கூர்மையான குன்று அகலமான மேடானது. சேறு பட்டுக் கொஞ்சம் நகர்ந்தாலும் வைஃபை அதற்குள்ளேயே அடங்கிவிடும். கொட்டகையிலிருந்து கல்தூள் வாங்கிவந்து தண்ணீரில் குழைத்து, பெட்டிகளுக்குப் பூசி அளந்தது நான். லயத்து வாசலுக்குச் சாணம் மெழுகிய வீட்டுப் பிள்ளைக்கு அது ஒன்றும் புது வேலையில்லை. வசந்தத்தில் முதலாளி எடுத்துக்கொண்டார். இப்போது அங்கே ஆள் கிட்டே போனால் பாரந்தூக்கி நிற்கிறது. சும்மா போய் நின்று அதை நிறுத்தி விளையாடுகிறார்கள் என்று அவர் திட்டுகிறார். சில்வியா என் வேலையை நிரந்தரமாக்கினார். தடுப்புக்கு அந்தப் பக்கம் நான் எதையும் கேட்டதாக அவருக்கு இன்றுவரை தெரியாது.

இந்த வருடப் பூஜைக்கு முதல்நாள் அவரே அந்தப் பழைய மாதிரிப் பலகையை என் கையில் கொடுத்தார். துடைத்தும் போகாமல் இணைப்பியின் ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு இன்னும் இருக்கிறது. "இது உங்கள் மனைவிக்கு. இதன் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கட்டும். மற்றதை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்" என்றார்.

பூஜையன்று மாலையில் லெட்சுமி சாமான்களைப் பரப்பியபோது, துணி இயந்திரத்துக்கு மேலே உள்ள தட்டு போதவில்லை. இந்த வருடம் சாமான் கூட. "கீழ ஏதாச்சும் வச்சு ஒசத்துனா நல்லாருக்கும். பலக, பெட்டி ஏதாச்சும் இருக்கா?" என்றாள்.

நான் பலகை தேடிப் பால்கனிக்குப் போனேன். திரும்பி வரும்போது நடுவீட்டில், கட்டிலுக்குக் கீழே கிடந்த அந்த அட்டைப் பெட்டி கொண்டுவந்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் தர்ஷினி காதில் பாட்டுக் கேட்கும் கம்பியை மாட்டிக்கொண்டு, எதுவும் நடக்காதது போல நின்றாள்.

"கொஞ்சம் மூலைப் பக்கம் தள்ளுங்க, வெளக்குக் காத்துல அணையாம இருக்கும்" என்றாள் லெட்சுமி.

குனிந்து, கனமாக இருக்கும் என்று இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினேன். அது காகிதம் மாதிரி மேலே வந்துவிட்டது. உள்ளே ஒன்றுமில்லை.

மகளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லெட்சுமி என்னைப் பார்த்தாள். பெட்டியை மூலைப் பக்கம் வைத்து, மேலே துண்டை விரித்தேன். லெட்சுமி விளக்கை ஏற்றினாள்.